பாட்டுக் கேட்கக் கைபேசியா, தனிக் கருவியா?

நேரம் பார்க்கக் கடிகாரம், படம் பிடிக்கக் காமிரா, கணக்குப் போடக் கால்குலேட்டர், பாட்டுக் கேட்க வானொலிப் பெட்டி என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு சாதனம் வீட்டில் இருந்த காலம் உண்டு. கடந்த இருபது ஆண்டுகளுக்குள் இவை அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைபேசிக்குள் அடங்கிவிட்டன. கால்குலேட்டரைப் பற்றி இன்று எவரும் தர்க்கம் செய்வதில்லை. பாட்டுக் கருவியைப் பற்றிய தர்க்கம் மட்டும் இன்னும் ஓயவில்லை. ஹைதராபாத்தில் கைபேசி வாங்குவோர் அபிட்ஸ் பகுதியிலுள்ள ஜகதீஷ் மார்க்கெட்டுக்குச் செல்கின்றனர். ஒலிபெருக்கி, ஹெட்போன் முதலியவற்றை நாடுவோர் கோட்டியின் குஜராத்தி கல்லிக்குச் செல்கின்றனர். இரண்டு இடங்களுக்கும் இடையே தூரம் அதிகமில்லை. எந்தப் பக்கம் திரும்புவது என்பதுதான் கேள்வி.

செகந்தராபாத்தின் பத்மாராவ் நகரில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை உதாரணமாகக் கொள்ளலாம். பாட்டனார் ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தைந்துக்கு மேல். பேத்தி ஹைடெக் சிட்டியில் வேலை பார்ப்பவள். நாள்தோறும் மெட்ரோ ரயிலில் போய்வருகிறாள். பேரன் நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் மாணவன். மூவருக்கும் பாட்டில் விருப்பம் உண்டு. மூவரிடமும் கைபேசி உண்டு. மாதம் ஒரு தொகை ஒதுக்கி, மூவருக்கும் பொருத்தமானதை வாங்க அக்குடும்பம் எண்ணுகிறது. கடைக்காரர் சொல்வதைக் கேட்டு முடிவு செய்வதைவிட, கருவியின் உள்ளே நடப்பது என்ன என்பதை அறிந்து முடிவு செய்வது நலம்.

பிரிந்ததும் சேர்ந்ததும்

கையில் எடுத்துச் செல்லத்தக்க இசைக் கருவியின் வரலாறு நீண்டதன்று. டிரான்சிஸ்டர் வானொலி அமெரிக்காவில் 1954இல் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கிய பின்னர், அத்தகைய சிறு பெட்டிக்கு மிகுந்த மதிப்பு ஏற்பட்டது. அதை வைத்திருப்பதற்கு அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்தியதைப் பாட்டனார் நினைவில் வைத்திருப்பார். ஜப்பானிய நிறுவனமான சோனி, தன் வாக்மேன் ஒலிநாடாக் கருவியை 1979 ஜூலையில் வெளியிட்டது. ஊருக்கெல்லாம் கேட்கும் பெட்டி, ஒருவர் காதுக்கு மட்டும் கேட்கும் கருவியாக மாறியது அப்போதுதான்.

1998இல் எம்.பி.3 என்னும் முறையில் பாடல்களைச் சேமிக்கும் கருவிகள் தோன்றின. 2001 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் ஐபாடை அறிமுகப்படுத்தி, ஆயிரம் பாடல்கள் சட்டைப் பைக்குள் அடங்கும் என்று அறிவித்தது. நான்கு ஆண்டுகளுக்குள், 2005இல், வாக்மேன் என்ற பெயரே ஒரு கைபேசியின்மேல் பொறிக்கப்பட்டு வந்தது. அதன்பின் தனிக் கருவியின் வீழ்ச்சி விரைந்து நடந்தது. 2022 மே மாதத்தில் ஆப்பிள் நிறுவனம் ஐபாடின் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது வியப்படைந்தவர் சிலரே.

ஆனால் நம் நாட்டில் இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சியும் நடந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் தன் சேவையைத் தொடங்கியபின் இணையத் தரவின் விலை வெகுவாக வீழ்ந்தது. எந்தப் பாடலையும் எந்த நேரத்திலும் கைபேசியில் கேட்கலாம் என்ற நிலை சாமான்யருக்கும் கிட்டியது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே, முன்னாளில் கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா என்று வழங்கிய சரிகம நிறுவனம், ஐயாயிரம் பழைய ஹிந்திப் பாடல்களை உள்ளடக்கிய கார்வான் என்னும் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தோற்றம் பழைய டிரான்சிஸ்டர் வானொலியை ஒத்தது. திருகும் குமிழும் சில பொத்தான்களுமே அதன் முகப்பு. தமிழ்ப் பாடல்கள் கொண்ட பெட்டியும் பின்னர் வந்தது. பாடல்கள் ஏறக்குறைய இலவசமாகக் கிடைக்கத் தொடங்கிய அதே காலத்தில், மாற்ற இயலாத பாடல் தொகுதி கொண்ட அப்பெட்டி இலட்சக்கணக்கில் விற்றது. ஒலியின் தரம் மட்டுமே மக்கள் தேடும் பொருளாக இருந்திருப்பின் இது நிகழ்ந்திராது.

ஒலி எண்ணாகி மீண்டும் ஒலியாவது

ஒலி என்பது காற்றில் ஏற்படும் அழுத்த மாறுதல். மனிதச் செவி வினாடிக்கு 20 அதிர்வுகள் முதல் 20,000 அதிர்வுகள் வரை உணரவல்லது. இந்த மாறுதலைச் சீரான இடைவெளிகளில் அளந்து, அளவுகளை எண்களாக எழுதிவைப்பதே இலக்கமுறைப் பதிவு. உணர வேண்டிய மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேற்பட்ட தடவைகள் அளந்தால், அந்த எண்களைக் கொண்டே மூல அலையை மீண்டும் அமைத்துவிடலாம் என்பது கணித விதி. ஆகவே இசைத் தட்டான சி.டி.யில் வினாடிக்கு 44,100 தடவை அளவெடுக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட் நீளமுள்ள எண். இடச் செவிக்கும் வலச் செவிக்கும் தனித்தனியே எடுப்பதால் வினாடிக்கு 44,100 × 16 × 2, அதாவது 14,11,200 பிட்டுகள் தேவைப்படுகின்றன. எட்டுப் பிட் ஒரு பைட். எனவே ஒரு நிமிட இசைக்கு ஏறத்தாழ 10.6 மெகாபைட் இடம் வேண்டும். இரண்டரை மணி நேரக் கச்சேரி ஒன்று 1.6 ஜிகாபைட்டை அடைத்துக்கொள்ளும்.

இவ்வளவு இடம் 1990களில் எளிதில் கிடைப்பதாக இல்லை. எனவே செவியின் இயல்பையே பயன்படுத்தி எண்களைக் குறைக்கும் வழி காணப்பட்டது. மிருதங்கத்தில் பலத்த அடி ஒன்று விழும் கணத்தில், அதற்கு அருகிலுள்ள அதிர்வெண்களில் எழும் மெல்லிய ஒலிகளைச் செவி உணர்வதில்லை. பலத்த ஒலி மெல்லொலியை மறைத்துவிடுகிறது. உணரப்படாத ஒன்றை எழுதிவைப்பானேன்? இவ்வாறு மறைபடும் பகுதிகளைக் குறைந்த நுட்பத்துடன் எழுதி இடத்தைச் சிக்கனம் செய்வதே எம்.பி.3 முறையின் சாரம். வினாடிக்கு 1,28,000 பிட் வீதத்தில் ஐந்து நிமிடப் பாடல் 4.8 மெகாபைட்டுக்குள் அடங்கும். சி.டி.யில் அதற்கு 53 மெகாபைட் தேவை. வீதத்தை 3,20,000 ஆக உயர்த்தினால் 12 மெகாபைட் ஆகும். ஒரு துளியும் விடாமல் சுருக்கும் பிளாக் முதலிய முறைகளும் உள்ளன, அவை சி.டி. அளவில் ஏறத்தாழப் பாதியோ அதற்குச் சற்று மேலோ இடம் கேட்கின்றன.

பாட்டுக் கேட்கும்போது இந்த எண்கள் மீண்டும் மின்னலையாக வேண்டும். அதைச் செய்வது எண்–அலை மாற்றி என்னும் சில்லு. மாற்றி தரும் நலிந்த மின்னலையைப் பெருக்கி ஹெட்போனுக்கு அனுப்புவது பெருக்கி. பத்தாயிரம் ரூபாய்க் கைபேசியாயினும், அதைப்போல் பல மடங்கு விலையுள்ள தனிக் கருவியாயினும், உள்ளே இருக்க வேண்டியவை இவ்விரண்டே. விலையுயர்ந்த தனிக் கருவியின் விளம்பரங்கள் பெரும்பாலும் இவ்விரண்டைப் பற்றியே பேசுகின்றன.

தனிக் கருவியில் இவற்றுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பக்கத்தில் தொந்தரவு செய்யும் அண்டைவீட்டார் இல்லை. கைபேசியிலோ, அலைபரப்பும் பகுதி மாற்றிக்கு வெகு அருகில் அமைந்துள்ளது. பழைய ஜி.எஸ்.எம். கைபேசியை வானொலிப் பெட்டியின் அருகில் வைத்தால், அழைப்பு வருவதற்குச் சற்று முன் ‘டிட்டிட் டிட்டிட்’ என்று ஓர் இரைச்சல் எழுந்ததைப் பலரும் கேட்டிருப்பர். அக்கைபேசி வினாடிக்கு ஏறத்தாழ 217 தடவை துடிப்புகளாக அலையை அனுப்பியதே அதற்குக் காரணம். 217 என்பது செவிக்கு நன்கு கேட்கும் அதிர்வெண். இன்றைய கைபேசிகளில் உலோக உறைகளாலும் வேறு உபாயங்களாலும் இத்தகைய இரைச்சல் தடுக்கப்படுகிறது. நான்காம் தலைமுறை அலைவரிசைகளின் துடிப்பு முறையும் வேறு. ஆகவே ஒரு காலத்தில் வலுவாக இருந்த இந்த வாதம் இப்போது நலிந்துவிட்டது.

மற்றொரு செய்தியைக் கடைக்காரர்கள் அதிகம் சொல்வதில்லை. புளூடூத் வழியாகக் கம்பியில்லா இயர்போனைப் பயன்படுத்துவோருக்கு, கருவியின் உள்ளிருக்கும் மாற்றியும் பெருக்கியும் எவ்விதத்திலும் பயன்படுவதில்லை. எண்கள் எண்களாகவே காற்றில் செல்கின்றன. அவற்றை அலையாக மாற்றும் சில்லு இயர்போனுக்குள்ளேயே இருக்கிறது. எனவே கம்பியில்லா இயர்போனை வைத்துக்கொண்டு, சிறந்த மாற்றி உள்ளதென்பதற்காகத் தனிக் கருவி வாங்குவது, கிணற்றில் நீர் இறைப்பவர் வீட்டுக் குழாய்க்கு வெள்ளிப் பூண் போடுவதைப் போன்றதாகும்.

கம்பி வைத்த ஹெட்போனுக்கு நிலைமை வேறு. 2016இல் ஆப்பிள் நிறுவனம் தன் கைபேசியிலிருந்து ஹெட்போன் துளையை நீக்கியபின், விலையுயர்ந்த கைபேசிகள் பலவற்றில் அத்துளை மறைந்துவிட்டது. விலை குறைந்த கைபேசிகள் சிலவற்றில் அது இன்றும் இருப்பது ஒரு வேடிக்கை. துளை இல்லாதவற்றில், மின்னேற்றும் துவாரத்தில் செருகும் விரல் நீளச் சிறு மாற்றியைப் பயன்படுத்தலாம். மாற்றியும் பெருக்கியும் அதனுள்ளேயே உண்டு. தனிக் கருவியின் விலையில் சிறு பங்குக்கு அது கிடைக்கிறது. 300 ஓம் அளவில் மின்தடை கொண்ட, ஒலிப்பதிவு நிலையங்களில் பயன்படும் பெரிய ஹெட்போன்களுக்கு அதிக மின்னழுத்தம் வேண்டும். சில கைபேசிகள் அங்கே திணறும். சாதாரண இயர்போனுக்கு அத்தகைய பலம் தேவையில்லை.

காதைக் கொண்டு சோதிப்பது

இரண்டு கருவிகளையும் அடுத்தடுத்துக் கேட்டு, ‘இது தெளிவாக இருக்கிறது’ என்று பலர் தீர்ப்புச் சொல்கின்றனர். அத்தீர்ப்பை உடனே ஏற்பதற்கில்லை. இரண்டில் எது சிறிதேனும் உரக்க ஒலிக்கிறதோ அதையே செவி சிறந்ததென்று கொள்ளும். விலை தெரிந்துவிட்டால் மனமும் அதற்கு உடந்தையாகும்.

வீட்டிலேயே செய்யத்தக்க ஒரு சோதனை உண்டு. ஒரே ஹெட்போன், ஒரே பாடல், ஒரே தரத்தில் சேமித்த கோப்பு ஆகியவற்றை எடுத்துக்கொள்க. இரண்டு கருவிகளின் ஒலியளவையும் இயன்றவரை சமமாக்குக. கேட்பவர் கருவிகளைப் பார்க்கலாகாது. துணைவர் ஒருவர் ஒவ்வொரு முறையும் நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் கைபேசியையும் பூ விழுந்தால் தனிக் கருவியையும் ஒலிக்கச் செய்து, கேட்பவரின் விடையைத் தாளில் குறித்துவர வேண்டும். இவ்வாறு 16 முறை செய்க. ஒன்றும் புரியாமல் வாய்க்கு வந்ததைச் சொன்னாலும் எட்டு விடைகள் அளவில் சரியாக அமைந்துவிடும். 12 அல்லது அதற்கு மேல் சரியாக வருவது, குருட்டு யோகத்தால் நூற்றில் நான்கு தடவைக்கும் குறைவாகவே நிகழும். ஆதலால் 12 சரியானால் வேறுபாடு உண்மையிலேயே கேட்கிறது எனக் கொள்ளலாம். அதற்குக் குறைந்தால், வேறுபாட்டுக்காகப் பணம் செலவிடுமுன் சற்று யோசிப்பது நல்லது.

இதே சோதனையைக் கருவியை மாற்றாமல் ஹெட்போனை மாற்றிச் செய்தால் முடிவு பெரும்பாலும் ஐயத்துக்கு இடமின்றி வந்துவிடும். நாணயம் சுண்டவும் அவசியமிராது. ஒலியின் குணத்தை நிர்ணயிப்பதில் கருவியைவிட ஹெட்போனின் பங்கு மிகப் பெரிது. ஒலிக்காக மட்டும் செலவிடக் கருதுவோர், கையிலுள்ள தொகையை முதலில் அங்கே போடுவதே முறை.

பேத்தியின் மெட்ரோப் பயணத்துக்கு இந்த நுட்பமெல்லாம் சிறிதும் பொருந்தாது. ஹைதராபாத் மெட்ரோ 2017 நவம்பரில் தொடங்கியது. நாகோலிலிருந்து ராய்துர்க் செல்லும் நீலத் தடத்தில், செகந்தராபாத்தில் ஏறி ஹைடெக் சிட்டியில் இறங்க முக்கால் மணி அளவில் ஆகிறது. நெரிசல் வேளையில் ஓடும் வண்டியின் உள்ளே இரைச்சல் 70 டெசிபெலைத் தாண்டுவது அரிதன்று. அந்த இரைச்சலில், உயர்ந்த மாற்றி அளிக்கும் மெல்லிய நயங்கள் மறைந்தொழியும். மிருதங்க அடி மெல்லொலியை மறைத்தது போன்றதே இதுவும். காதுத் துவாரத்தை நன்றாக அடைக்கும் இயர்போனோ, புற இரைச்சலை எதிரலையால் தணிக்கும் இயர்போனோ அவளுக்கு வேண்டியது. கருவி கைபேசியாகவே இருக்கலாம். பணம் செலுத்துவதும், பயணச்சீட்டு எடுப்பதும், வீட்டார் அழைத்தால் பேசுவதும் அதிலேயே நடப்பதால், இரண்டாவது கருவி அவளுக்குக் கைச்சுமை.

மின்சாரம் எங்கே போகிறது

‘பாட்டுக் கேட்டால் கைபேசி இறங்கிவிடுகிறது’ என்பது பொதுவான குறை. இதில் பாட்டின் பங்கு வியக்கத்தக்க அளவுக்குச் சிறிது. சாதாரண இயர்போன் ஒன்று, ஒரு மில்லிவாட் மின்சாரத்தில் 100 டெசிபெல் அளவில் ஒலிக்கிறது எனக் கொள்க. 20 டெசிபெல் குறைய நூறில் ஒரு பங்கு மின்சாரமே போதும். ஆகவே நல்ல கேள்வியளவான 80 டெசிபெலுக்கு ஒரு மில்லிவாட்டில் நூறில் ஒரு பங்கே செலவாகிறது. கைபேசியின் மின்கலமோ 5,000 மில்லியாம்பியர்–மணி, அதாவது ஏறத்தாழ 19 வாட்–மணி கொள்ளளவு உடையது. அப்படியாயின் மின்சாரத்தை உண்பது எது? ஒளிரும் திரை, ஓயாது இயங்கும் செயலகம், கோபுரத்துடன் தொடர்பு வைத்திருக்கும் அலைபரப்பி ஆகியவையே. இணையத்திலிருந்து பாடலை இறக்கிக்கொண்டே கேட்கும்போது அலைபரப்பிக்கு ஓய்வில்லை. அலை நலிந்த இடத்தில் அது இன்னும் கடுமையாக உழைக்கிறது. வினாடிக்கு 3,20,000 பிட் வீதத்தில் மூன்று மணி நேரம் கேட்டால் 432 மெகாபைட் தரவு இறங்குகிறது. அதே பாடல்களை முன்கூட்டியே கைபேசியில் சேமித்துவைத்து, திரையை அணைத்துவிட்டுக் கேட்டால் மின்கலம் வெகு நேரம் தாங்கும். தனிக் கருவி நீண்ட நேரம் உழைப்பதன் இரகசியமும் இதுவே. அதனிடம் அபூர்வமான மின்கலம் இல்லை. செய்வதற்கு வேறு வேலை இல்லை.

பாட்டனாரின் நிலையில் இச்செய்தி உயிருடன் தொடர்புடையது. காலையில் பக்திப் பாடல், பகலில் பழைய திரைப்பாடல், உறக்கம் வராத இரவில் கச்சேரி என்று நாளில் பல மணி நேரம் அவர் கேட்கிறார். வீட்டார் வேலைக்கும் படிப்புக்கும் சென்றபின் அவர் தனித்திருக்கிறார். நெஞ்சு வலித்தாலோ தவறி விழுந்தாலோ அவருக்கு உதவக்கூடியது அந்தக் கைபேசி ஒன்றே. பிற்பகல் மூன்று மணிக்குப் பாட்டால் மின்னேற்றம் தீர்ந்துபோன கைபேசி, அந்நேரத்தில் ஒரு கண்ணாடித் துண்டுக்குச் சமம். பாட்டுக்கென்று வேறு பெட்டி இருப்பின், பேசுவதற்கான கருவி எப்போதும் தயாராக இருக்கும். பெட்டியின் மின்கலம் தீர்ந்தால் நஷ்டம் ஒரு பாட்டு மட்டுமே. மேலும் திரையைத் தடவி, செயலியைத் திறந்து, விளம்பரத்தைக் கடந்து பாடலைத் தேடும் வித்தை நடுங்கும் விரலுக்கும் மங்கிய பார்வைக்கும் உகந்ததன்று. குமிழைத் திருகுவது அறுபது ஆண்டுப் பழக்கம். கார்வான் போன்ற பெட்டிகள் விற்றதன் காரணத்தை இங்கே காணலாம். பிள்ளைகளும் பேரக்குழந்தைகளும் அவற்றை முதியோருக்கு வாங்கிக் கொடுத்தனர்.

மின்கலத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கைபேசியிலும் தனிக் கருவியிலும் இருப்பது லித்தியம்–அயனி மின்கலமே. அதற்கு இரு பகைவர்: வெப்பம், முழு வறட்சி. மே மாதத்தில் ஹைதராபாத்தின் வெப்பநிலை 40 பாகையைக் கடக்கும். வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே அதைவிட வெகு அதிகம். அங்கே விட்டுச்சென்ற கருவியின் மின்கலம் விரைவில் முதுமை அடைகிறது. சில வேளைகளில் உப்பிவிடுவதும் உண்டு. ஆர்வத்தோடு வாங்கிய தனிக் கருவி ஆறு மாதம் மேஜை இழுப்பறையில் முற்றிலும் இறங்கிக் கிடந்தால், பிறகு மின்னேற்றம் பெறாமலே போகலாம். அன்றாடம் பயன்படாத கருவியைப் பாதியளவு மின்னேற்றி வைப்பது நன்று.

பாடல் யாரிடம் இருக்கிறது

ஒலிநாடாவோ இசைத்தட்டோ வாங்கியவர் அதை அலமாரியில் வைத்திருந்தார். அது அவருடையது. கைபேசிச் செயலியில் கேட்கும் பாடல் அத்தகையதன்று. கட்டணம் செலுத்தும்வரை, அந்நிறுவனம் நடக்கும்வரை, பாடலின் உரிமையாளர் இசையும்வரை கேட்பதற்கான அனுமதி மட்டுமே அது. ரெஸ்ஸோ என்னும் செயலி 2024 ஜனவரி இறுதியில் இந்தியாவில் மூடப்பட்டது. அதே ஆண்டில் ஏர்டெல் நிறுவனத்தின் விங்க் மியூசிக் செயலியும் முடிவுக்கு வந்தது. பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த பாடல் பட்டியல்களை வேறிடத்தில் மறுபடியும் தொகுக்க வேண்டிய நிலை பலருக்கு ஏற்பட்டது. தனிக் கருவியில் ஏற்றிய கோப்பு இவ்வாறு மறைவதில்லை. ஆனால் கோப்பாகச் சேமிப்பதற்குத் தனிக் கருவிதான் வேண்டும் என்பதுமில்லை, கைபேசியிலும் சேமிக்கலாம். 3,20,000 பிட் வீதத்தில் இரண்டரை மணி நேரக் கச்சேரி 360 மெகாபைட் ஆவதால், 32 ஜிகாபைட் மெமரி கார்டு ஒன்றில் எண்பதுக்கு மேற்பட்ட கச்சேரிகள் அடங்கும். எங்கே சேமித்தாலும் இன்னொரு பிரதி வேறிடத்தில் இருப்பது அவசியம். கார்டுகள் முன்னறிவிப்பின்றிச் செயலிழக்கும் சுபாவம் உடையவை.

பேரனின் தேவை இதனோடு ஒட்டியதே, ஆயினும் சற்று வேறானது. படிக்கும்போது மெல்லிய வாத்திய இசையைக் கேட்பது அவன் வழக்கம். அதற்காகக் கைபேசியை மேஜைமேல் வைக்கிறான். அடுத்த பாட்டை மாற்ற அதைத் தொடுகிறான். தொட்டதும் நண்பனின் செய்தி தெரிகிறது; அதற்கு விடை எழுதுகிறான்; விடைக்கு விடை வருகிறது. அரை மணி கழிந்தபின் கணக்கு எந்த வரியில் நின்றது என்பது மறந்துபோகிறது. அவனைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. கவனத்தை ஈர்ப்பதற்கென்றே அமைக்கப்பட்ட கருவி அது. அறிவிப்புகளை நிறுத்திவைக்கும் வசதி கைபேசியில் உண்டு என்பது மெய். ஆனால் அதை நிறுத்திய விரலே அடுத்த நிமிடம் திறக்கவும் செய்யும். இணையத் தொடர்பே இல்லாத, விலை குறைந்த தனிக் கருவி ஒன்று இம்மாணவனுக்குப் பெரிதும் உபகாரமாக இருக்கும். இங்கே ஒரு கவனம் தேவை. இப்போது விற்கும் உயர்விலைத் தனிக் கருவிகள் பலவற்றில் கைபேசிக்குரிய ஆண்ட்ராய்டு அமைப்பே இயங்குகிறது. வீடியோவும் விளையாட்டும் அதில் நுழைந்துவிடும். அதை வாங்கிக் கொடுத்தால், சிம் கார்டு இல்லாத இரண்டாவது கைபேசியை வாங்கிக் கொடுத்ததாகவே முடியும்.

செவியின் கணக்கு

உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் இணைந்து 2018இல் பாதுகாப்பாகக் கேட்பதற்கான தரநிலை ஒன்றை வகுத்தன. அதன்படி வளர்ந்தவர் 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம்வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் ஒலியாற்றல் இரு மடங்காவதால், அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகிறது. 83 டெசிபெலில் 20 மணி. 86இல் 10 மணி. 89இல் 5 மணி. 92இல் இரண்டரை மணி. மெட்ரோவின் இரைச்சலை வெல்வதற்காகப் பேத்தி ஒலியை 89 டெசிபெலுக்கு உயர்த்துவாளாயின், நாளொன்றுக்கு ஒன்றரை மணிப் பயணத்தில் நான்காம் நாளிலேயே வாரக் கணக்கு தாண்டிவிடும். உட்செவியிலுள்ள நுண்மயிர் அணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

இந்தக் கணக்கைத் தாமாகவே வைத்திருந்து எச்சரிக்கும் வசதி பல கைபேசிகளில் உள்ளது. எளிய தனிக் கருவிகளில் பெரும்பாலும் அது இல்லை. பலம் மிகுந்த பெருக்கி கொண்ட விலையுயர்ந்த கருவியோ செவிக்குத் தீங்கு செய்யும் ஆற்றலையும் மிகுதியாகப் பெற்றிருக்கிறது. கைபேசிக்குச் சார்பாகச் சொல்லத்தக்கவற்றுள் இதுவே மிகப் பெரியது. விளம்பரங்களில் இது அரிதாகவே இடம்பெறுகிறது.

பாட்டனாரின் செவி வேறு வகையானது. வயது ஏறும்போது உயர்ந்த அதிர்வெண்களே முதலில் கேளாது போகின்றன. தம்பூராவின் கார்வை கேட்கும். பாடலின் மெய்யெழுத்துகள் மங்கும். அவருக்கு 96,000 தடவை அளவெடுத்த உயர்தரப் பதிவை வாங்கித் தருவதில் பொருளில்லை. அவர் பெட்டியின் குமிழை மேலும் மேலும் திருகுவாராயின், பெட்டியை மாற்றுவதற்குமுன் செவியைச் சோதிப்பது தக்கது. ஹைதராபாத்தில் பிறந்து உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய அலி யாவர் ஜங்கின் பெயரால், மும்பையில் 1983இல் பேச்சு, கேட்புக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் வட்டார மையம் செகந்தராபாத்தின் மனோவிகாஸ் நகரில் இருக்கிறது. எந்த அதிர்வெண் எவ்வளவு உரக்க ஒலித்தால் கேட்கிறது என்பதை ஒரு வரைபடமாக எடுப்பதே கேட்புச் சோதனை. அதில் குறை தெரியவந்து, செவித்துணைக் கருவி பொருத்த நேருமானால், பாட்டனாருக்கு மேலே கூறிய விடை மாறவும் கூடும். இன்றைய செவித்துணைக் கருவிகள் பல புளூடூத் வழியாகக் கைபேசியுடன் நேரே இணைந்து, அவரவர் வரைபடத்துக்கு ஏற்ப ஒலியைத் திருத்திச் செவிக்குள் சேர்க்கின்றன. குமிழ் வைத்த பெட்டிக்கு அது இயலாத காரியம்.